தெரெமிவ் கோட்டைக் கதவு

தெரெமிவ் கோட்டையின் வாயிலில் கதவு இல்லாமல் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பெரிய போரின் கடைசிக் குளிர்காலத்தில் விறகுக்கு வழியில்லாமல் ஓக் பலகைகளை உடைத்து எரித்துவிட்டார்கள், இரும்புப் பட்டைகள் கொல்லன் உலைக்குப் போய்ச் சேர்ந்தன, அதன் பிறகு கோட்டை வாயில் என்பது காற்றும் பள்ளிப் பிள்ளைகளும் பால் வண்டியும் யாரையும் கேட்காமல் போய்வருகிற ஒரு கல் வளைவு, அவ்வளவுதான். அதனால் சோவியத் உடைந்து சில வருஷம் ஆகியிருந்த அந்த இலையுதிர் காலத்தில், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரத்தில், ரொட்டிக்காரன் கொந்த்ராத் ஒரு காலை தன் கடைப் பலகைகளைக் கழற்றும்போது வாயிலில் பெரிய இரட்டைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து முதலில் நினைத்தது, பால் வண்டி எப்படி உள்ளே வரும் என்பதைத்தான்.

அந்தக் கோட்டையை ஒரே ஆள் கட்டவில்லை, ஒரே காலத்திலும் கட்டவில்லை. உக்ரைனின் மேற்கே, திநெஸ்தர் நதியில் போய் விழுகிற ஒரு சிற்றாறு குதிரை லாடம் மாதிரி வளைந்து ஒரு சுண்ணாம்புப் பாறையை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிற இடத்தில், முதலில் பழைய ருஸ் நாட்டு இளவரசர்கள் மண்ணைக் குவித்து, ஓக் மரப் பெட்டிகளை அடுக்கி, ஓர் அரண் வைத்தார்கள், அது எரிந்தது. எரிந்த கரியின் மேலேயே லித்துவேனியாவிலிருந்து வந்த பிரபு ஒருவன் கல் மதில் எழுப்பினான்; அவன் மதிலுக்கு மேல் போலந்துப் பிரபுக்கள் செங்கல் வைத்து உயரம் கூட்டித் துப்பாக்கி முனைக்கு இடுக்குகள் விட்டார்கள்; துருக்கியர் வடக்கு மதிலைப் பீரங்கியால் பிளந்து நுழைந்து, சில காலம் இருந்து, ஒரு தொழுகைக் கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்; ஆஸ்திரியர் அதைச் சிறையாக்கினார்கள்; கூட்டுப்பண்ணைக் காலத்தில் அதே சிறை தானியக் கிடங்காகி, பிறகு சனிக்கிழமை சினிமாக் கொட்டகையும் ஆனது. மதிலைப் பார்த்தாலே வரிசை தெரியும்: அடியில் ஆள் உயரக் கருங்கற்கள், நடுவில் மஞ்சள் சுண்ணாம்புக்கல், உச்சியில் சிவப்புச் செங்கல். எல்லாவற்றிலும் பழையது வாயில் கோபுரம்தான். சதுரமான அடி, மேலே ஒரு சின்ன ஜெபக் கூடம், அதன் தரையில், வாயிலுக்குள் வருகிறவர்கள் தலையில் கொதிநீர் ஊற்ற ஒரு துளை.

அத்தனை மாற்றத்திலும் மாறாத பெருமை ஒன்று இருந்தது. யார் வந்தபோதும், எந்தப் பீரங்கி வந்தபோதும், எதிரி வாயில் வழியாக மட்டும் நுழைந்ததில்லை. அதனால் ஊரின் முத்திரையே சாத்திய கதவுதான். பள்ளிச் சட்டையில் அது இருந்தது, தபால் நிலையப் பலகையில் இருந்தது, கொந்த்ராத் திருவிழாவுக்குச் சுடுகிற பெரிய ரொட்டியின் மேல் மாவில் செய்து ஒட்டப்பட்டிருந்தது.

மதிலுக்கு உள்ளே சில தெருக்கள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். அங்கே இருந்தவர்களைக் கோட்டைக்காரர்கள் என்றார்கள். பாறைக்குக் கீழே ஆற்றை ஒட்டி இருந்த வீடுகளில் ஆற்றங்கரைக்காரர்கள். அவர்களுடைய முன்னோர்கள்தான் ஆற்றுப் பள்ளத்தில் கல் வெட்டி, சுண்ணாம்பு சுட்டு, பிரபுவுக்குக் கடமையாகக் கோட்டை முழுவதையும் தோளில் ஏற்றி மேலே கொண்டுபோனவர்கள். இரண்டு ஊருக்கும் சண்டை எதுவும் இருந்ததில்லை. பால் கீழேயிருந்து மேலே போனது, ரொட்டி மேலேயிருந்து கீழே வந்தது, கீழ்ப் பிள்ளைகள் மேலே படிக்கப் போனார்கள், எப்போதாவது ஒரு பெண் மேலே வாழ்க்கைப்பட்டாள்.

அப்படி வாழ்க்கைப்பட்டவள் சொலோமியா. ஊர்த் தலைவர் மார்கியானின் மனைவி. கோட்டைக்குள் இருந்த சின்ன அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்தாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே கோட்டைக்காரர்கள் மாதிரி வார்த்தையை மெல்ல இழுத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் வருஷம் அப்படிப் பேசுகிறோம் என்பதையே மறந்தாள். அவள் கீழேயிருந்து வந்தவள் என்று தெரிந்தவர்களும், ஒரு மரியாதைக்காக, அதை மறந்துவிட்டார்கள். அவளைவிட ஒரு வயது பெரியவனான அண்ணன் ஒஸ்தாப்தான் தினமும் பால் வண்டி ஓட்டிவந்தான். அவனிடமும் அவள் மற்றவர்களைப் போலவே பால் வாங்கினாள், பாத்திரத்தை நீட்டி, நன்றி சொல்லி.

அன்று காலை கொந்த்ராத்தின் சத்தத்தைக் கேட்டு மார்கியான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பாதிரியார் லுக்கா தாடியைக்கூடச் சீவாமல் வந்தார். மூன்று பேரும் கதவைத் தடவிப் பார்த்தார்கள். இரும்புப் பட்டைகள் துருப்பிடிக்காமல் இருந்தன, பலகையில் பச்சைத் தார் வாசம் இருந்தது.

"நல்ல ஓக்," என்றான் கொந்த்ராத். "இந்த மாதிரி மரம் இப்ப எங்க கெடைக்குது."

"யாரு கொண்டுவந்து போட்டாங்களாம்?" என்று கேட்டார் பாதிரியார்.

"அத அப்புறம் பாத்துக்கலாம், சாமி. பால் வர்ற நேரம். மொதல்ல தொறப்போம்," என்றார் மார்கியான்.

கதவின் உள்பக்கம், ஒரு முழு மரத்தைச் செதுக்கிச் செய்த கணையமரம், இரண்டு பக்கச் சுவர்களிலும் இருந்த குழிகளில் உட்கார்ந்து, குறுக்கே கிடந்தது. பூட்டு இல்லை, சாவி இல்லை. அதைத் தூக்கினால் கதவு திறக்கும். மூன்று பேரும் அதன் அடியில் கைகொடுத்தார்கள். அப்போதுதான் வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"ஒஸ்தாப்பா?" என்று மார்கியான் குரல் கொடுத்தார்.

பதில் பின்னாலிருந்து வந்தது. வடக்கு மதிலில் துருக்கியர் பிளந்த உடைப்பின் வழியாக, ஆட்டுத் தடத்தில் ஏறி, இரண்டு கையிலும் பால் கேன்களோடு ஒஸ்தாப் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். "நான் இங்க இருக்கேன், பான் மார்கியான்," என்றான். அங்கே பெரிய மனிதர்களைப் பான் என்றுதான் சொல்வார்கள். "வண்டிய கதவு முன்னால நிறுத்திட்டுத்தான் சுத்தி வந்தேன். வெளிய யாரும் இல்ல."

தட்டல் மறுபடியும் கேட்டது. இப்போது பல கைகள். முஷ்டியால் இடிக்கிற சத்தம் இல்லை. உள்ளங்கையால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, உள்ளே இருக்கிறவர்களுக்குக் காது கேட்கும் என்று நம்பித் தட்டுகிற சத்தம்.

மார்கியான் கணையமரத்தின் அடியிலிருந்து கையை எடுத்தார். "அசையல," என்றார். "இறுகிப் போச்சு."

கொந்த்ராத்தும் பாதிரியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், ஆமாம் இறுகித்தான் போயிருக்கிறது என்றார்கள்.

மார்கியான் தபால் நிலையத்துக்குப் போய் மாவட்டத் தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினார். பழைய கட்டடங்களைக் கவனிக்கிற அலுவலகத்தில் யாரோ ஒருவர், நாங்கள் வந்து பார்க்கிறவரை எதையும் தொடாதீர்கள் என்று சொன்னார். அந்த ஊர் அதற்கு முன்னால் எந்த அரசாங்க உத்தரவையும் அவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டதில்லை. தொடக் கூடாதாம், என்று வீடு வீடாகச் சொன்னார்கள். தொட்டால் தப்பாம். அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை, வரச்சொல்லி இரண்டாம் முறை யாரும் பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தன்னால் நடந்தது. வடக்கு உடைப்பில் தச்சர்கள் மரப்படி போட்டார்கள், கைப்பிடி வைத்தார்கள், பனி பெய்தபோது சாம்பல் தூவினார்கள். அந்த வழியாகப் பால் வந்தது, தபால் வந்தது, ஒரு பியானோகூட வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணை நான்கு பேர் நாற்காலியில் தூக்கி உடைப்பு வழியாக இறக்கினார்கள், ஒரு சவப்பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். தட்டலுக்கும் பழகிப்போனார்கள். விடிந்து சற்று நேரத்தில் அது தொடங்கும், இருட்டும்போது ஓயும், நடுப்பகலில் கூடும். நடுப்பகல் தட்டல் ஏறும்போது கொந்த்ராத் இரண்டாம் மாவை அடுப்பில் வைத்தான். வாயிலை ஒட்டிய வீடுகளில் சுவரில் கம்பளம் மாட்டினார்கள். பாதிரியார் ஞாயிறு பூசை நேரத்தைத் தள்ளிவைத்து, தட்டல் பலமாக இருக்கிற நேரத்தில் பாடகர் குழு எழுந்து நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்தார். குழுவினர் முன்னைவிட ஓங்கிப் பாடினார்கள், எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். பிள்ளைகள் தட்டலுக்குத் தக்கபடி கயிறு தாண்டினார்கள். தட்டல்களில் சில கதவின் மிகக் கீழே, இடுப்புக்கும் கீழே கேட்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஆட்கள் பார்க்க வந்தார்கள். ல்விவ் நகரிலிருந்து பேருந்து வந்தது, பேராசிரியர்கள் வந்தார்கள், கதவில் காதை வைத்தார்கள், படம் பிடித்தார்கள். சொலோமியா அவர்களை வாயில் கோபுரத்தின் முன்னால் நிறுத்தி, வழக்கமாகச் சொல்கிற கதையைச் சொன்னாள். சில நூறு வருஷத்துக்கு முன்னால், தெற்குப் புல்வெளிச் சமவெளியிலிருந்து கொள்ளையடிக்கும் குதிரைப்படை வந்த வருஷம். தெற்கே மேடுகளில் புகை எழுந்ததைக் காவல்காரன் பார்த்தான். மணி அடித்தார்கள். குதிரைகள் ஆற்றைத் தாண்டுவதற்குள் கோட்டைக்காரர்கள் கதவைச் சாத்திக் கணையமரத்தைப் போட்டார்கள். குதிரைப்படை கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றும் செய்ய முடியாமல், வெறுங்கையோடு திரும்பிப் போனது.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆற்றங்கரை இடுகாட்டில், பெயர் மட்டும் வெட்டி, அடியில் யாரும் இல்லாத கற்கள் வரிசையாக இருக்கின்றன. சின்ன வயதில் அவளும் ஒஸ்தாப்பும் அந்தக் கற்களின் மேல் குதித்து விளையாடியிருக்கிறார்கள், அம்மா அடித்திருக்கிறாள், ஏன் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மணி அடித்ததும் கீழே இருந்தவர்கள் மூட்டையும் பிள்ளையுமாகப் பாறையில் ஏறி ஓடிவந்தார்கள், வாயிலுக்கு வந்தார்கள், வாயில் சாத்தியிருந்தது. பெரும்பாலோரைக் குதிரைப்படை பிடித்துக்கொண்டு போனது; ஒளிந்து தப்பிய சிலரின் வழிவந்தவர்கள்தான் இன்றைய ஆற்றங்கரைக்காரர்கள். கீழ் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மேல் ஊரிலும்தான்.

தை மாதக் குளிரில் ஒரு நாள், பேருந்தில் வந்த ஓர் அம்மாள், ரோமத் தொப்பி போட்டவள், கதை முடிந்ததும் சொலோமியாவிடம் கேட்டாள். "அப்போ கீழ இருந்தவங்க என்ன ஆனாங்க?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சொலோமியாவுக்கு முகம் சூடானது. சுற்றிலும் கோட்டைக்காரர்கள் நின்றார்கள், கொந்த்ராத் கடை வாசலில் நின்றான், தட்டல் நடந்துகொண்டிருந்தது. "அவங்கள்ல யாரும் மிஞ்சல," என்றாள் சொலோமியா. "இப்ப அங்க இருக்கறவங்க ரொம்ப பின்னால, வேற எங்கிருந்தோ வந்து குடியேறினவங்க."

அந்த அம்மாள் தலையசைத்தாள். பேருந்து போனது.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கீழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, தபால்காரி தபால் பையை உடைப்பின் அடியில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு வாரம் போனதும் மார்கியான் மனைவியிடம், சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நீ போய் ஒஸ்தாப்கிட்ட என்னன்னு கேட்டுட்டு வாயேன். உனக்கு அங்க தெரிஞ்சவங்க இருக்காங்கல்ல." தெரிஞ்சவங்க என்றுதான் சொன்னார்.

பல வருஷத்தில் முதல் முறையாகச் சொலோமியா ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனாள். ஒஸ்தாப் கொட்டிலில் மாட்டின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து எழுந்தான், ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். விருந்தாளிக்குத் துடைக்கிற மாதிரித் துடைத்தான்.

"பால் ஏன் வரல, ஒஸ்தாப்?"

"மிஞ்சாதவங்க பால் கொண்டுவர முடியாதில்ல," என்றான்.

அவள் முதலில் புரியாத மாதிரி நின்றாள். பிறகு, "யாரு சொன்னா உனக்கு?" என்றாள். "கொந்த்ராத்தா?"

"யாரும் சொல்லல. நீதான் சொன்ன." அவன் கோபமாகப் பேசவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "வா, காட்டறேன்."

பழைய வண்டிப் பாதையில் ஏறினார்கள். முந்தின ராத்திரி பெய்த பனி கலையாமல் கிடந்தது. அவர்கள் இரண்டு பேரின் தடம்தான் அதில் விழுந்தது. கதவின் வெளிப்பக்கத்தில் யாரும் இல்லை. தட்டல் சத்தமும் அங்கே கேட்கவில்லை. பலகையில் காது உயரத்தில் ஒரு இடம் மட்டும் பளபளப்பாகியிருந்தது.

"உள்ள இருக்கறவங்களுக்குத் தட்டறது கேக்குது," என்றான் ஒஸ்தாப். "வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள பேசறது கேக்குது. முதல் நாள் வண்டிய எடுக்க வந்தப்பவே கேட்டுச்சு. அப்புறம் ஊரே வந்து கேட்டுட்டுப் போச்சு. காத வை."

அவள் தலைத்துண்டை விலக்கிக் காதை வைத்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் கொந்த்ராத்தின் குரல்: கை வலிச்சா தானா நிறுத்திடுவாங்க. பிறகு பாதிரியார்: கடவுள் சித்தம் என்னன்னு தெரியாம நாம எதுவும் பண்ணக் கூடாது. பிறகு வாயிலை ஒட்டிய வீட்டுப் பெண் ஒருத்தி: தொறந்தா அத்தன பேருக்கும் யாரு சோறு போடறது, எங்க படுக்க வெக்கறது. பிறகு அவள் கேட்டறியாத குரல்கள், பழைய உச்சரிப்பில், இரும்பும் குதிரையும் இரைகிற பின்னணியில்: கை வலித்தால் தானாக நிறுத்திவிடுவார்கள், கடவுளின் சித்தம் தெரியவில்லை, இத்தனை பேருக்கு யார் சோறு போடுவது. எந்தக் குரல் இப்போதையது, எந்தக் குரல் அப்போதையது என்று அவளுக்குப் பிரிக்க முடியாமல் போனது. கடைசியாக ஒரு குரல் கேட்டது, கோட்டைக்காரர்கள் மாதிரி மெல்ல இழுத்து, ரொம்ப நாகரிகமாக: அவங்கள்ல யாரும் மிஞ்சல.

அவள் காதை எடுத்துவிட்டாள். ஒஸ்தாப் அவளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிப்பு என்கிற வார்த்தையை எந்த உச்சரிப்பில் சொல்வது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் அந்த இழுப்புதான் வரும் என்று பயந்து, தலைத்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நான் போய் மாட்டப் பாக்கணும்," என்று அவன் இறங்கிப் போய்விட்டான்.

அவள் உடைப்பு வழியாகச் சுற்றி மேலே வந்து, நேரே வீட்டுக்குப் போய், மார்கியானின் முன்னால் நின்று, கேட்டதை எல்லாம் சொன்னாள். மார்கியான் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினால் தன் ஏணியோடு போகிறவர்.

"அது இறுகல," என்றார்.

"எது?"

"கணையமரம். கை வெச்சதுமே எழும்பிச்சு. ஒரு விரல் உயரம். மூணு பேருக்கும் தெரியும்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அப்ப கீழ ஒரு தட்டல் கேட்டுச்சு, சொலோமியா. சின்னக் கை. தொறந்தா அந்தப் புள்ள மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும். அதான் இறுகிப் போச்சுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு மத்தியானமே போய்த் தொறந்திடலாம்னு நெனச்சேன். மத்தியானம் ஆனதும், இப்ப தொறந்தா காலைல ஏன் தொறக்கலன்னு கேப்பாங்களேன்னு தோணிச்சு. மறுநாள், நேத்து ஏன் தொறக்கலன்னு. இப்ப எத்தன நாளாச்சு பாரு. ஒவ்வொரு நாளும் தொறக்கறது இன்னும் கஷ்டமாயிட்டேதான் போகுது."

"இன்னும் அஞ்சு வருஷம் போனா?"

"அப்ப நம்மால முடியவே முடியாது," என்றார் மார்கியான். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கேட்டாள், அவரும் கேட்டார், இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதற்கப்புறமும் அவள் உடனே போகவில்லை. பனி உருகத் தொடங்கும்வரை அவளும் எல்லோரையும் போல இருந்தாள், பேருந்துகளுக்குக் கதை சொன்னாள், சொல்லும்போது தன் குரல் பலகையைத் தாண்டிப் போவது தெரிந்தும் சொன்னாள். ஒரு நாள் நடுப்பகலில், தட்டல் ஏறுகிற நேரத்தில், காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல், துவைத்த துணியைக் கொடியில் பாதி போட்டுவிட்டு, வாயிலுக்கு நடந்துபோய்க் கணையமரத்தின் ஒரு முனைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

ஒரு ஆளால் தூக்க முடியாது. அவள் நிமிர்த்தினாள், சறுக்கியது, மறுபடியும் கொடுத்தாள். முற்றத்தைச் சுற்றி ஜன்னல் திரைகள் விலகின. யாரும் வெளியே வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளால் முடியாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. அவளுக்கும் அந்த வேண்டுதல் இருந்தது. முடியாமல் போனால், முயற்சி செய்தேன் என்று ஒஸ்தாப்பிடம் சொல்லலாம்.

முதலில் வந்தது கொந்த்ராத். முழங்கை வரை மாவோடு வந்து, நடுவில் கைகொடுத்தான். பிறகு பாதிரியார் லுக்கா வந்தார், கோயிலிலிருந்து வருகிறவர் மாதிரி இல்லாமல், தோட்டத்துச் செருப்போடு. மார்கியான் கடைசியில் வந்தார். வந்து, மறுமுனையில் குனிந்து, "மேல," என்றார். கணையமரம் ரொம்ப லேசாக எழும்பியது. அவ்வளவு லேசாக எழும்பியதுதான் அவர்களால் பொறுக்க முடியாததாக இருந்தது. அதை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இரண்டு கதவையும் இழுத்துத் திறந்தார்கள்.

வெளியே பாதை நிறைய ஆட்கள் நின்றார்கள். மூட்டைகள், கூடைகளில் கோழிகள், கயிற்றில் ஒரு பசு, சுண்ணாம்பு ஒட்டிய கைகள், கோணி போர்த்திய தோள்கள், ஒருவர் முதுகில் ஒருவராகப் பிள்ளைகள். ஓடிவந்த மூச்சு இன்னும் அவர்களுக்கு அடங்கவில்லை. கதவு இப்போதுதான், சற்று நேரத்துக்கு முன்தான், தங்கள் முன்னால் சாத்தப்பட்டது போல நின்றார்கள்.

பிறகு அவர்களை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பது ஒரு நீண்ட கதை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரும், சினிமாக் கொட்டகையாக இருந்த கிடங்கில் மீதிப் பேரும் படுத்தார்கள். பிறகு வீடுகளில் இடம் கொடுத்தார்கள். அவர்கள் பேசுகிற பழைய மொழியில் புரியாத வார்த்தைகள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பிடிபட்டன. ரேஷன் அலுவலகத்தில் பிறந்த வருஷம் கேட்டபோது கொஞ்சம் குழப்பம் வந்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று முடிவானது. கல் வேலை தெரிந்தவர்கள் ஒரு கோடையிலேயே வடக்கு உடைப்பை அடைத்துவிட்டார்கள். ஒஸ்தாப் பால் கேன்களோடு வந்தான், முன்னைவிட அதிகமான கேன்களோடு, தங்கையின் வீட்டுக்கு மட்டும் பாலை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான். வெகு நாளைக்கு அப்படித்தான் இருந்தது. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அந்த நடுப்பகலில் கோட்டைக்காரர்கள் வாயிலின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். சாபத்துக்குத் தயாராகத்தான் எல்லோரும் நின்றார்கள். காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் முதலில் உள்ளே வந்த கிழவன், தோளில் உளிப்பையோடு வந்தவன், தொப்பியைக் கழற்றி மார்கியானுக்குக் குனிந்து, "கடவுள் உங்களுக்குக் குறை வைக்க மாட்டான், ஐயா," என்றான். அடுத்து வந்தவள் கொந்த்ராத்தின் மாவுக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அடுத்தவன் நன்றி சொன்னான். அதற்கடுத்தவனும் சொன்னான். ஒவ்வொருவராக, ஒருவரையும் விடாமல், வரிசையில் நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். வாயிலை ஒட்டிய வீட்டுப் பெண் அழுதாள், தன்னைக் கும்பிட வேண்டாம் என்றாள், அவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"உள்ள ஒரே சத்தமா இருந்திருக்கும்," என்றாள் ஒருத்தி. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, ஈரப் பாவாடையோடு, பாதிரியார் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். "மணி வேற அடிச்சுதில்ல. அதான் நாங்க தட்டினது உங்களுக்குக் கேக்கல போல."

பாதிரியார் லுக்கா வாயைத் திறந்தார். "ஆமாம்மா," என்றார். "சத்தம். ரொம்ப சத்தம்."

"அதான் நானும் இவங்ககிட்ட சொன்னேன்," என்றாள் அவள். மார்கியானைப் பார்த்தாள். மார்கியானும் தலையை ஆட்டினார். கொந்த்ராத்தும் ஆட்டினான். கதவைத் திறந்தவர்களுக்கு, இத்தனை நாள் வெளியே நிற்கவைக்கப்பட்டவர்களே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், அதை வாங்கிக்கொண்டால் போதும். வரிசை முழுவதும் அதை வாங்கிக்கொண்டது. அந்தக் காரணம் கைமாறிக்கொண்டே போய்ச் சொலோமியாவிடம் வந்து நின்றது.

அவள் கணையமரத்தின் பக்கத்தில், தோளில் சட்டை கிழிந்து நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தையோடு இப்போது அவள் முன்னால் வந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் ஒஸ்தாப்பின் தாடை இருந்தது, தன்னுடையதும் அதுதான்.

"கேட்டுச்சு," என்றாள் சொலோமியா. அவள் வாயிலிருந்து வந்தது ஆற்றங்கரைப் பேச்சு. "மொத நாள்லேந்து கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு."

சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. அந்தப் பெண் சொலோமியாவையே பார்த்தாள். சொன்னது புரிந்ததா என்று முதலில் தெரியவில்லை. பிறகு, மெல்ல, புரிந்தது தெரிந்தது. முகத்தில் இருந்த நன்றி இறங்கியது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

"அப்ப இன்னிக்கு ஏன் தொறந்தீங்க?" என்று கேட்டாள்.

சொலோமியா யோசித்தாள். நல்லதாக ஒரு பதில் கிடைக்குமா என்று உண்மையாகவே யோசித்தாள். அந்தப் பெண் காத்திருந்தாள். பின்னால் வரிசை நகர முடியாமல் நின்றது, பசு கத்தியது, யாரோ முன்னால் போகச் சொன்னார்கள்.

"சரி," என்றாள் அவள் கடைசியில். "இவளக் கொஞ்சம் பிடி. என் மாமியார் பாதையில உக்காந்திருக்கா, அவளால நடக்க முடியாது. தூக்கிட்டு வர்றேன்."

குழந்தையைச் சொலோமியாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி, வருகிறவர்களை விலக்கிக்கொண்டு, வாயில் வழியாக மறுபடியும் வெளியே இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை கனமாக இருந்தது, ஈரக் கம்பளியும் புகையும் மணத்தது. அழும் என்று சொலோமியா நினைத்தாள். அது அழவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் நெருக்கமாகப் பார்த்தது, பிறகு, வெகு தூரம் தூக்கிவரப்பட்ட பிள்ளைகள் செய்கிற மாதிரி, யார் தோள் என்று பார்க்காமல், தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனது. அவள் தோளை அசைக்காமல், கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.